இருநூற்றெட்டு

நாய்க்கு மொத்தம் நாற்பத்திரண்டு பல்.
ஆனாலும் யஸ்னாவின் அட்டவணையில்
மேல்வரிசை, இடப்பக்கம்,
இறைச்சி கிழிக்கும் அந்தப் பெரிய பல்லுக்கு
எண் இருநூற்றெட்டு.
இல்லாத பல்லுக்கும் சேர்த்துக் காசா
என்றார் எலியூத்தேரியோ மன்சீயா.
வாய் நான்கு தெரு, ஐயா.
இது இரண்டாம் தெருவில் எட்டாம் வீடு
என்றாள் அவள்.

புன்டா அரீனஸ்.
ஆளைக் காற்று தூக்கிப் போகாதபடி
தெருமுனையில் கயிறு கட்டும் ஊர்.
பல்லுக்குறுதி என்று சொல்ல
ஆலும் கிடையாது வேலும் கிடையாது.
இருக்கிற மரமும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து
பஸ்ஸை விட்டவனைப் போல நிற்கிறது.

நாயின் பெயர் துவெர்கா.
போல்ட்டைப் பிடிக்கிற நட்டு என்று பொருள்.
லாரிப் பட்டறையில் பிறந்தவள்.
ஆட்டுத் தொடையெலும்பு,
கடற்கரைக் கூழாங்கல்,
ஒருமுறை பதினேழாம் நம்பர் ஸ்பானர்:
கடித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டாள்.

வாய் நாறுகிறதே என்றான் பட்டறைப் பையன்.
நாய் வாய் பின்னே
சோப்பா மணக்கும் என்றார் இவர்.
பதினொரு மாதம்
வலப்பக்கமாகவே மென்றாள்.
வாலை ஆட்டினாள், போட்டதைத் தின்றாள்,
எலும்பை மட்டும்
பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல்
டயருக்குக் கீழே புதைத்து வைத்தாள்.

பல் போனால் சொல் போச்சு என்போம்.
சொல்லே வாய்க்காதவளுக்காக
பல் பேசியது.
இடது கண்ணுக்குக் கீழே
ஒரு கோலிக்குண்டளவு வீங்கிப் பேசியது.

மேசையில் நாக்கு ஒரு பக்கம் தொங்க,
நாக்கு நுனியில் கவ்வி மாட்டி
இதயம் பீப் பீப் என்றது.
காறை உதிர்ந்தது,
கெட்டில் அடியில் படிந்த சுண்ணாம்பு போல,
பழுப்பாய், சில்லுச் சில்லாய்.
மூன்று வேர். முழுசாக வராது.
டாக்டர் ஓயர்சுன் பல்லை மூன்றாய் அறுத்து
ஒவ்வொன்றாய் நெம்பினார்.
இரண்டு சுலபம்.
மூன்றாவதற்கு முக்கால் மணி.

வெளியே பெஞ்சில்
மீன்கடை பெலார்மினா, மடியில் கூடை.
என் பூனைக்கு ஒரு பல் மிச்சமில்லை, எல்லாம் பிடுங்கியாச்சு,
இப்போது என் புருஷனைவிட நன்றாகத் தின்கிறது
என்றாள்.
கூடைக்குள்ளிருந்து பூனை
கடிக்க முடியாத கோபத்தோடு பார்த்தது.
எலியூத்தேரியோ சிரித்தார்,
கையால் வாயை மூடிக்கொண்டு.
அந்தக் கையைத்தான்
பில்லோடு வெளியே வந்த யஸ்னா பார்த்தாள்.

நான்கு தவணை என்று எழுதிக்கொண்டாள்.
பிரஷ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.
முதல் மூன்று நாள் வெறும் விரல்.
பிறகு ஈரத்துணி.
பிரஷ் அடுத்த வாரம்தான்.
மனிதர் பற்பசை கூடாது,
இது கோழிச் சுவை.
வெளிப்பக்கம் தேய்த்தால் போதும்,
உள்பக்கத்தை நாக்கு பார்த்துக்கொள்ளும்.

எல்லாருக்குமா, என்று கேட்டார்.
உங்களுக்கு இல்லை, என்றாள்.
கொடுத்த பிஸ்கட்டை
அவர் தேநீரில் நனைத்து
வலப்பக்கமாக மெல்வதை
பார்க்காததுபோல் ரசீது கிழித்தாள்.

இரவு. பட்டறைத் தொட்டி.
பழைய பிஸ்டன் ஒன்றில் இரண்டு பிரஷ்.
ஒன்று புதிது, நாயுடையது.
மற்றதன் நார் எப்போதோ படுத்துவிட்டது.
அவளுக்குத் தேய்த்து முடித்தார்.
அவள் பிரஷ்ஷை நக்கினாள்,
விரலை நக்கினாள், குழாயையும் நக்கினாள்.
எஞ்சினுக்குள் அடிக்கிற டார்ச்சை எடுத்து
கண்ணாடிமுன் வாயைத் திறந்தார்.

இரண்டாம் தெரு.
ஆறாம் வீடு காலி.
ஏழாம் வீட்டுக் கதவு
தொட்டால் ஆடுகிறது.

நாளைக்குக் காலையில்
போன் பண்ணணும், என்றார் சத்தமாக.
கோழிப் பசையைப் பற்றித்தான்
பேசுகிறார் என்று நினைத்து
துவெர்கா
வாலை ஆட்டினாள்.